கணக்கில் வராத காளைக்கன்று

“இன்னும் விக்கலைங்க. கட்டிக்கினுதான் இருக்குது.”

நான் இப்படிச் சொன்னபோது யாரும் என்னிடம் மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஏர்பேட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில், என் மகள் அகிலாவின் மாமியார் வீட்டில், இன்று பேரப்பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டோம். இரட்டைப் பிள்ளைகள். ஒரு பையன், ஒரு பெண். பையனுக்கு என் மூக்கு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். பெண்ணின் மூக்கு யாருடையது என்றுதான் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையின் நடுவில் நான் மாட்டுப் பேச்சை எடுத்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன செய்வது? என் கண் அவ்வளவு நேரமும் கொட்டகைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அங்கே என் சம்பந்தியம்மா செல்லியம்மா, வந்த கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிவப்புக் கிடாரி ஒன்றின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அந்தக் கிடாரியை விட்டுவிட்டுச் செல்லியம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்கிறேன்.

செல்லியம்மா அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கியும் கரும்பு வெட்டியும் வளர்ந்தவர். வீட்டுக்காரர் போன பிறகுதான் கவர்மெண்டு பட்டாவில் கொஞ்சம் மேட்டு நிலம் கிடைத்தது. அதில் மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. பால் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஊர் ஊராக வண்டி விட ஆரம்பித்த காலத்தில் ஒரு ஜெர்சிக் கலப்புப் பசுவைப் பிடித்தார். அந்தப் பசுதான் மகன் ஹரிபாபுவை ஐ.டி.ஐ. படிக்க வைத்தது, ஸ்ரீபெரும்புதூரில் கார் சாமான் செய்யும் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பசுவுக்கு அவர் வைத்த பெயர் பெரியவள்.

நான் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்றைக்குப் பெரியவள் கன்று போட்டிருந்தாள். நான் ரேணிகுண்டாவில் குட்டி யானை ஓட்டுகிறவன். அதாவது அந்தச் சின்ன சரக்கு வண்டி. அகிலாவுக்கு அம்மா இல்லாததால் அதிலேயே என் தங்கை வள்ளியையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். கொட்டகையில் ஈரம் காயாத இரண்டு கன்றுகள். கறுப்பாக ஒரு காளை, சிவப்பாக ஒரு கிடாரி. வள்ளி என் கையைக் கிள்ளினாள்.

“ஜோடியா கன்னு போட்ட வீடுண்ணா. பொண்ணு குடுக்க இன்னும் இன்னா பாத்துக்கினு கீற?”

எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. சம்பந்தம் அங்கேயே முடிவானது.

அந்தக் கறுப்புக் காளை அந்த வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. பிரசவத்தில் பெரியவள் கஷ்டப்பட்டபோது, காளை பிறந்தால் உனக்கே என்று செல்லியம்மா பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தார். பால் மறந்ததும் கன்றுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, மலையடிவாரத்துக் கோயிலில் கொண்டுபோய் விட்டார்கள். என் வண்டியில்தான் போயிற்று. திரும்பி வரும்போது செல்லியம்மா ஒரே தடவைதான் பேசினார்.

“இனிமே அத்த கணக்குல சேக்கக் கூடாது சம்மந்தி. யாரு கேட்டாலும் எங்க ஊட்ல ஒரு கன்னுதான்.”

அது அந்தப் பக்கத்து வழக்கம். சாமிக்கு விட்டதை வீட்டுக் கணக்கில் சேர்த்துச் சொன்னால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட மாதிரி ஆகிவிடும். ஆடு விட்டாலும் அப்படித்தான், கோழி விட்டாலும் அப்படித்தான். நான் சரி என்று தலையாட்டினேன்.

பெண் கன்றுக்குச் சின்னவள் என்று பெயர். செல்லியம்மாவின் நம்பிக்கை முழுவதும் அதன் மேல்தான். பெரியவளுக்கு வயதாகிறது. அடுத்துப் பால் கொடுக்கப் போகிறவள் சின்னவள்தான் என்று தன் வாய்க்குப் போகவேண்டிய கடலையையும் அதற்கே வைத்து வளர்த்தார் என்றால் நம்புங்கள். அது நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் பருவத்துக்கு வரவில்லை. ஊரில் அதற்குப் பிறகு பிறந்த கிடாரிகள் எல்லாம் கத்திக் கூப்பாடு போட்டு, ஊசி போட்டு, சினையாகி நின்றன. சின்னவள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கழுத்து தடித்தது, மடி மட்டும் குட்டிக் கன்றின் மடியாகவே இருந்தது.

சினை ஊசி போடுகிறவர் கன்னையா. மோப்பட்டில், காளை விந்தை உறையவைத்த, பனிப்புகை வரும் கேனைக் கட்டிக்கொண்டு பத்து ஊருக்குச் சுற்றுகிறவர். முதல் தடவை வந்தபோதே அவர் சரியான கேள்வியைக் கேட்டார்.

“இது தனியா பொறந்ததா, ஜோடியா பொறந்ததா?”

“ஒண்ணுதான்” என்றார் செல்லியம்மா.

கன்னையா அதற்கு மேல் ஏன் கேட்கப் போகிறார்? தாது உப்பு கொடுத்தார். பருவத்துக்கு வர ஊசி போட்டார். பிறகு சினை ஊசி போட்டார். நிற்கவில்லை. மறுபடி போட்டார். இப்படியே போயிற்று. ஒவ்வொரு தடவையும் செல்லியம்மா கொட்டகையைக் கழுவி, சின்னவளைக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்துத்தான் கன்னையாவின் முன்னால் நிறுத்துவார். அது முதலில் சாதுவாக நிற்கும். பிற்பாடு கன்னையாவின் மோப்பட் சத்தம் தெருமுனையில் கேட்டாலே கயிற்றை முறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

தெருவில் போகிறவர்கள் சும்மா போவார்களா?

“இன்னா செல்லியம்மா, கழுத்தப் பாத்தா ஏர்ல பூட்டலாம் போல கீதே!”

“நீ வந்து இன்னொரு பக்கம் பூட்டிக்க, ஜோடி சரியா இருக்கும்” என்பார் செல்லியம்மா. வாயில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. ஆனால் அவர்கள் போன பிறகு முகம் விழுந்துவிடும். அந்தக் காலமாக இருந்திருந்தால் உண்மையாகவே ஏரில் பூட்டியிருக்கலாம். இப்போது ஏர் எங்கே இருக்கிறது, எல்லாம் டிராக்டர்.

கடைசியில் கன்னையாவே சொல்லிவிட்டார்: “என்னால ஆவாது அக்கா. திருப்பதிக்கு இட்டுக்கினு போ. அங்க டிவி மாதிரி ஒரு மிசின் கீது. வயித்துக்குள்ள எல்லாம் தெரியும்.”

அதற்குள் அகிலாவின் கல்யாணம் முடிந்திருந்தது. சம்பந்தியம்மா கேட்டு மறுக்க முடியுமா? சின்னவளை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு திருப்பதி மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே சுரேஷ்பாபு என்று ஒரு டாக்டர். சின்ன வயதுதான். தெலுங்கு பாதி, தமிழ் பாதி பேசுவார். தோள் வரைக்கும் உறை போட்டுக்கொண்டு கையை விட்டுப் பார்த்தார். மிஷினையும் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

“அம்மா, இதோட கூட காளைக்கன்னு ஏதாவது பொறந்துச்சா?”

“இல்ல சாரு. ஒண்ணுதான்.”

“நல்லா யோசிச்சி செப்பண்டி.”

“யோசிக்க இன்னா கீது? எங்க ஊட்ல ஒரு கன்னுதான்.”

அப்போது நான்தான் வாயைத் திறந்தேன். “சம்மந்திம்மா, பெருமாளுக்கு உட்டோமே, கறுப்பு?”

செல்லியம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. “அது சாமிது. அத்த எப்பிடி எங்க கணக்குல சொல்றது?”

டாக்டர் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துச் செல்லியம்மாவுக்குப் போட்டார். மாட்டுக்குக் காளையும் கிடாரியும் ஒரே வயிற்றில் வளர்ந்தால், இரண்டின் நஞ்சுக்கொடியும் ஒட்டி, ரத்தம் கலந்துவிடும். காளையிடமிருந்து வருவது கிடாரிக்குள் போய், முட்டை வைக்கிற பையை உருவாக விடாது. பத்தில் ஒன்று தப்பிக்கலாம். இது தப்பிக்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்.

“அதுக்கு ஊசி?”

“லேதம்மா.”

“மருந்து?”

“ஒண்ணும் இல்லம்மா. இது தப்பே இல்லாத மாடு. ஆனா சினை பிடிக்காது.”

செல்லியம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார். சின்னவளின் வாலைப் பிடித்து, அதில் ஒட்டியிருந்த சாணியைத் தன் முந்தானையால் துடைத்தார். “இத்தினி ஊசி குத்தினோமே” என்றார். அது எங்களிடம் சொன்னதில்லை.

கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் டாக்டருக்கு வேறொன்றில் ஆசை வந்துவிட்டது. ஜோடியாகக் கன்று போட்ட தாய் மாடு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். முன்னாலும் ஒரு தடவை அது ஜோடி போட்டது என்று தெரிந்ததும் அவர் கண் விரிந்தது. அந்தப் பழைய ஜோடி இரண்டும் பிறந்தபோதே இறந்துபோனதாம், அதனால் அதுவும் கணக்கில் இல்லை. பெரியவளை அடிக்கடி கொண்டுவரச் சொன்னார். தீவனம் அவர்கள் பொறுப்பு, வண்டிக்கு டீசல் அவர்கள் பொறுப்பு.

செல்லியம்மா ஒத்துக்கொண்டதற்குக் காரணம் தீவனம் இல்லை. பெரியவளைக் காட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் சின்னவளுக்கு வழி சொல்லுவார் என்று நினைத்தார். நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. பெரியவளை ஏற்றும்போதெல்லாம் சின்னவளையும் ஏற்றினார்.

அந்த மிஷினில் நானும் பார்த்தேன். மழை பெய்கிற டிவி மாதிரி சாம்பலாக ஓடும். அதில் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள். டாக்டர் விரலை வைத்துக் காட்டினார்.

“இதெல்லாம் முட்டை இருக்கிற குமிழ் அம்மா. ஒவ்வொரு சுத்துலயும் நாலஞ்சு ஒண்ணா கிளம்பும். எல்லாம் ஒரே சைஸ். கொஞ்ச தூரம் போனதும் ஒண்ணு முந்திக்கும். முந்தினது மத்ததுக்கு வர்ற சத்தைக் குறைச்சிடும். மத்ததெல்லாம் வத்திப்போயிடும்.”

“பாவம்” என்றார் செல்லியம்மா.

“உங்க மாட்டுல பாருங்க, ரெண்டு நிக்குது. ஒண்ணை ஒண்ணு முந்தவே இல்ல. அதனாலதான் ஜோடி.”

“எது முந்தணும்னு யாரு சொல்றது சாரு?”

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. “அதைத்தான் அம்மா நாங்க தேடிட்டு இருக்கோம். குமிழ் வளர ஒரு வளர்த்தி சத்து வேணும். அது எல்லாக் குமிழ்லயும் இருக்கும். ஆனா சும்மா இருக்காது, வேற ஒண்ணு அதைப் பிடிச்சி கட்டி வெச்சிருக்கும். எந்தக் குமிழ்ல அந்தக் கட்டு அவிழுதோ, அது முந்திக்கும். கட்டு அவிழாதது நின்னுடும். உங்க மாட்டுல ரெண்டு குமிழ்லயும் ஒரே நேரத்துல அவிழுதான்னு பாக்கறோம்.”

செல்லியம்மா அதைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரியும், பிடித்துக்கொள்வார் என்று.

“அப்போ சத்து உள்ளதான் கீதா? கட்டிப் போட்டுக்கினு கீதா?”

“ஆமா.”

“அப்போ சின்னவளுக்கு அந்தக் கட்ட அவுத்து உடு சாரு.”

டாக்டர் மிஷினை நிறுத்திவிட்டார். “அம்மா, கட்டு அவிழ்க்கறதுக்குக் குமிழ் இருக்கணும். அவளுக்குக் குமிழே இல்ல. அவிழ்க்க என்ன இருக்கு?”

“ஒரு தடவ பாத்துடு சாரு. போன தடவ ஒருவேள மறைஞ்சிருக்கும்.”

அவர் பார்த்தார். எனக்காகவும் ஒன்று, உங்களுக்காகவும் ஒன்று என்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் பெரியவளைப் பார்த்து முடித்ததும் சின்னவளையும் பார்த்தார். திரையில் சாம்பல்தான் ஓடியது. செல்லியம்மா அந்தச் சாம்பலைக் கண் கொட்டாமல் பார்ப்பார். எங்கேயாவது ஒரு கறுப்புப் புள்ளி வராதா என்று பார்ப்பார். பெரியவளிடமிருந்து அவர்களுக்கு வேண்டியது கிடைத்ததும் இனி வரவேண்டாம் என்று நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவர் பெருமாளிடம் போனார். சின்னவளை அதன் அண்ணன் இருக்கிற இடத்திலேயே விட்டுவிடலாம் என்று யோசனை. கோயில்காரர் கையை விரித்தார். “இங்க எங்கம்மா மாடு? வர்ற கன்னுங்கள வருசா வருசம் ஏலம் உட்டுடறோம். தீனிக்கு எங்க போறது?” கறுப்பு யார் கைக்குப் போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. வண்டியில் திரும்பும்போது செல்லியம்மா கேட்டார், “அப்போ இப்போ அத்த கணக்குல சேத்துக்கலாமா சம்மந்தி?” நான் கியரை மாற்றினேன்.

இந்த நேரத்தில்தான் அகிலா முழுகாமல் இருக்கிற சேதி வந்தது. நான் திருப்பதிக்கு அழைத்துப்போய் எடுத்த ஸ்கேனில் இரட்டை என்று சொன்னார்கள். நான் ரேணிகுண்டா ஸ்டேஷன் வாசலில் வண்டி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். செல்லியம்மாவுக்குப் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“கேக்குதா சம்மந்திம்மா? ரெட்டை!”

“கேக்குது” என்றார். “ரெண்டும் ஆணா, ரெண்டும் பொண்ணா?”

“அதெல்லாம் சொல்ல மாட்டாங்க. எதுவா இருந்தா இன்னா?”

“ஆமா. எதுவா இருந்தா இன்னா” என்று போனை வைத்துவிட்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திருப்பதியில்தான் பிரசவம். நர்ஸம்மா வெளியே வந்து, பையன் ஒன்று, பெண் ஒன்று என்றதும் நான் அந்த அம்மாவின் காலிலேயே விழப் போனேன். செல்லியம்மா நேராக அவளிடம் போய்க் கேட்டார்:

“நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா?”

நர்ஸம்மா சிரித்துவிட்டாள். “ஏம்மா, உனக்கு அதுவும் வேணுமா? ரெண்டும் ஒட்டிக்கினுதான் வந்துச்சி.”

செல்லியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். களைப்பு என்று நினைத்து நான் சோடா வாங்கி வந்தேன்.

பிள்ளைகளோடு செல்லியம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் முற்றியது. செல்லியம்மா பையனைத் தூக்குவார், குளிப்பாட்டுவார், கொஞ்சுவார். பெண்ணைத் தொடமாட்டார். பாயின் ஓரத்தில் நின்று பார்ப்பார், அவ்வளவுதான். அகிலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதாள்.

“பொண்ணுன்னா அத்தைக்கு இவ்ளோ இளப்பமா நைனா? பத்து மாசம் ரெண்டையும் ஒண்ணாதான சுமந்தேன்?”

எனக்கும் கோபம் வந்துவிட்டது. என் பேத்தி அது! இன்னும் கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை, அதற்குள் என் விரலைப் பிடித்தால் விடமாட்டாள், அவ்வளவு பிடி. அவளைத் தொடாமல் எப்படி ஒருத்தரால் இருக்க முடியும்? நேராகக் கொட்டகைக்குப் போய்க் கேட்டேன்.

“சம்மந்திம்மா, இது நாயமா? பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சி?”

அவர் பாலைக் கறந்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “பாவம் அது பண்ணல. கூடப் பொறந்தது ஆணு. கொடி ஒட்டிக்கினு இருந்துச்சாம். நீங்களும்தான டாக்டர் சொன்னத கேட்டுக்கினு இருந்தீங்க?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் பயந்துகொண்டிருந்தார். பிரசவத்து நாளிலிருந்து தனியாக, யாரிடமும் சொல்லாமல், பயந்துகொண்டிருந்தார்.

“அகிலாகிட்ட சொல்லாதீங்க. பால் வத்திப்பூடும்” என்றார்.

மறுபடி திருப்பதி. இந்தத் தடவை வண்டியில் மாடு இல்லை. டாக்டர் சுரேஷ்பாபு எங்களைப் பார்த்ததும் சின்னவள் எங்கே என்றுதான் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்.

“மனுசங்களுக்கு அப்படி ஆகாது அம்மா. கொடி வெளியில ஒட்டிக்கினு இருந்தாலும் உள்ள ரத்தம் கலக்காது. மாட்டுக்குத்தான் அந்தக் கஷ்டம். உங்க பேத்தி நல்லா இருப்பா.”

“நிச்சயமா சாரு?”

“நா பிட்ட மேல ஒட்டு” என்றார், தன் குழந்தை மேல் ஆணையாக.

அகிலாவைப் பார்த்த பிரசவ டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாள். செல்லியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வழியில் கோயிலில் தேங்காய் உடைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்து பெண்ணைத் தூக்கினாரா என்றால், இல்லை. “கேட்டாச்சே, இன்னும் இன்னா?” என்றேன். “மனசு ஒப்பணுமே சம்மந்தி. சின்னவ பொறந்தப்பவும் எல்லாம் நல்லா கீதுன்னுதான மொதல்ல சொன்னாங்க” என்றார்.

ஹரிபாபு லீவு முடிந்து கிளம்புகிறான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு படுக்கை அறை உள்ள வீடு பிடித்திருக்கிறான். இரண்டு பிள்ளைகளை அகிலா ஒருத்தியால் பார்க்க முடியாது. நானும் வண்டியை விட்டுவிட்டுப் போய் உட்கார முடியாது. அதனால் செல்லியம்மாதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டான். அவன் சொல்வதில் தப்பில்லை.

“மாடுங்க?” என்று கேட்டார் செல்லியம்மா.

“பெரியவள பக்கத்து ஊட்டு கமலம்மா கறந்துக்கறேன்னாங்கம்மா.”

“சின்னவ?”

ஹரிபாபு தலையைக் குனிந்துகொண்டான். கறவை இல்லாத, கன்றும் போடாத மாட்டை யார் கட்டித் தீனி போடுவார்கள்? ரேணிகுண்டாவில் நான் இருப்பது ஒற்றை அறை. வண்டி நிற்கவே இடமில்லாமல் தெருவில் நிற்கிறது. நான் ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். கன்னையாவும் கேட்டுப் பார்த்தார், அவருக்கும் மனசு கேட்கவில்லை. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். சின்னவளை வாங்கிக்கொள்ள ஒரே ஒருவர்தான் இருக்கிறார். தரகர் நாகபூஷணம். அவர் மாட்டை எங்கே ஏற்றிக்கொண்டு போவார் என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. போன வாரம் வந்தவரைச் செல்லியம்மா திருப்பி அனுப்பினார். முந்தாநாள் வந்தவரையும் அனுப்பினார். தொட்டில் போட்ட மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு மதியம் ஸ்ரீபெரும்புதூருக்கு நான்தான் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

அதாவது நாளைக்கு.

அதனால்தான் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளைக்கு இதே நேரம் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

இன்று காலை, சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்னால், அகிலா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “நைனா, பாப்பாவ காணோம்!” பையன் மட்டும் பாயில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தான். நான் தோட்டத்துப் பக்கம் ஓடினேன். கொட்டகையில் செல்லியம்மா நின்றுகொண்டிருந்தார். தோளில் என் பேத்தி. தலைக்குக் கையைக் கொடுத்து, பழக்கப்பட்ட மாதிரிப் பிடித்திருந்தார். சின்னவள் மூக்கை நீட்டிப் பிள்ளையின் காலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை.

அகிலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் கிட்டே போனேன். “அப்பாடா, தூக்கிட்டீங்களே!” என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

செல்லியம்மா என் பக்கம் திரும்பவில்லை. சின்னவளின் கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“டாக்டர் சொன்னத நம்பறேன் சம்மந்தி. இருந்தாலும் நாளைக்கி இது பெரிசாயி, ஒருவேள இதுக்கும் கொழந்த குட்டி இல்லாம பூடுச்சின்னா, யாரும் இத்த நிக்க வெச்சி ஊசி மேல ஊசி குத்தாம, அவுத்துக்கினு போவ ஆள் கூப்புடாம நீங்க பாத்துக்குங்க. என்னால சின்னவளுக்கே முடியல.”